கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வேன்

இரவு மணி இரண்டே கால். ஈ காக்கை இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் முள்செடி. தூரத்தில் ஒரு ரயில்வே கேட்... கேட் அறையில் ஒற்றை விளக்கு. அந்த ரோட்டில் ஒரு வேன் வருகிறது.

இருங்கள், அதற்குள் ஒருவர் மடியில் ஒருவர் ஏறாதீர்கள். அந்த ரோட்டின் நீளம் மொத்தமே ஏழடி. ஒரு மேசையின் மேல் இருக்கிறது. வேன் என் நடுவிரல் நீளம்தான். மணி இரண்டே கால் என்று சொன்னது, கேட் அறைச் சுவரில் வரைந்திருந்த கடிகாரத்தில். நிஜத்தில் அப்போது சாயங்காலம் நாலு மணி. ஜன்னலுக்கெல்லாம் போர்வை மாட்டி அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள்.

கணக்கு வாத்தியார் சிரிப்பது இருட்டிலும் கேட்கிறது. சிரியுங்கள் சார். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம், அதுவரை சிரிக்க முடிகிறதா பார்ப்போம். நானும் முதலில் சிரித்தவன்தான். இதை என்னிடம் சொன்னது என்னோடு வேலை பார்க்கும் நெட்டையன். நடந்தது அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு. நெட்டையனுக்குப் பொய் வராது. லீவுக்கு எழுதும்போதுகூட, 'உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கம் வருகிறது' என்று எழுதிக் கொடுக்கிற ஆள் அவன்.

அவன் அத்தானுக்கு என்ன வேலை என்றால், மாடல் ரயிலுக்கு வண்டி செய்கிற வேலை. பெரிய மேசையில் மலை, குகை, தண்டவாளம் எல்லாம் வைத்துக் குட்டி ரயில் விடுகிற பெரிய மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரயிலை அவர்கள் கடையில் வாங்கிக்கொள்வார்கள். அந்த மேசை ஊருக்குள் ஓடுகிற கார், பஸ், லாரிக்கு மட்டும் அத்தானைத் தேடி வருவார்கள். வெறுமனே நிற்கிற வண்டி இல்லை, ஓடுகிற வண்டி. ரோட்டுக்கு அடியில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று போகும். வண்டியின் முன்சக்கரத்தில் கடுகளவு காந்தம். கம்பி எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். நிற்க வேண்டிய இடத்தில் ரோட்டுக்கு அடியில் ஒரு சுருள். அதில் மின்சாரம் பாய்ந்தால் வண்டி நிற்கும், நிறுத்தினால் கிளம்பும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் அத்தானுக்கு அது போதாது. எல்லாம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு வைப்பர் ஆட வேண்டும். லாரியின் தார்ப்பாய் ஓரம் படபடக்க வேண்டும். குப்பை வண்டி தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும், அதுவும் பாதியில் ஒருமுறை திக்கித் திணறிக் கவிழ்க்க வேண்டும். நெட்டையனின் அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "வீட்டுக் குழாய் ஆறு மாசமா சொட்டுது. இவர் எறும்பு சைஸ் வண்டிக்கு வைப்பர் மாட்டிட்டு இருக்கார்."

ஒரு நாள் காலையில் அவரைத் தேடி ஒரு அம்மா வந்தாள். அறுபது வயது இருக்கும். இந்த மாதிரி விளையாட்டுச் சாமான் வாங்குகிற வீட்டு ஆள் மாதிரி இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் ரயில்வே கேட்காரராக இருந்தவர். ஊருக்கு வெளியே ஒரு ஒற்றை கேட். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி, ரயில் வரப்போகிறது என்று போன் வந்து கேட்டை மூடிவிட்டார். அப்போது ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். பக்கத்தில் அவள் புருஷன். டிரைவர் இறங்கி ஓடி வந்து கேட்காரர் காலில் விழுந்தான். ரயில் வர நேரம் இருக்கிறது, அரை நிமிஷத்தில் போய்விடுவோம், திறந்து விடுங்கள் என்று கெஞ்சினான். அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. திறந்துவிட்டார்.

வேன் தண்டவாளத்துக்கு நடுவில் அணைந்து நின்றது.

மூன்று பேரும் போனார்கள். கேட்காரருக்கு வேலை போனது, வழக்கு நடந்தது, உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதெல்லாம் முடிந்துவிட்டது. முடியாதது ஒன்றுதான். மனிதருக்குத் தூக்கம் இல்லை. பதினோரு வருஷமாகச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. கண்ணை மூடினால் கை தானாகச் சுற்றுமாம், கேட்டை இறக்குகிற மாதிரி. எத்தனையோ டாக்டர், எத்தனையோ மாத்திரை. எங்கோ அத்தான் செய்த குட்டி ரயில்வே கேட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது.

"ஒரே ஒரு தடவ அந்த வேன் நிக்கறத அவர் கண்ணால பாக்கணும் தம்பி. அவர் கையால கேட்ட மூடணும், அது நிக்கணும். ரயில் போயிடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். வண்டிக்குள் ஆள் வேண்டாம். வெறும் வண்டி போதும்.

அத்தான் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை அது பாட்டுக்கு ஆடியது, புத்தி வேறு எங்கோ போய்விட்டது. அவருக்கு இப்படி ஒரு வேலை வாழ்நாளில் வந்ததில்லை. ஒரு மனிதனின் தூக்கம் தன் கையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதனால் உழைத்தார், பேய் மாதிரி உழைத்தார் என்று நெட்டையன் சொன்னான். பஸ் பிடித்து அந்த கேட் இருந்த இடத்துக்கே போனார். அங்கிருந்த மண்ணை அள்ளி வந்து, பழைய சாக்ஸில் சலித்து, அதையே ரோட்டோரத்தில் ஒட்டினார். விசாரித்து விசாரித்து ஒரு பழைய இரும்புக் கடையைக் கண்டுபிடித்தார். அந்த வேன், நசுங்கினது, இன்னமும் அங்கேதான் கிடந்தது. அதன் கதவோரத்துத் துருவைக் கத்தியால் சுரண்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பொடியாக்கித் தன் வேனில் தடவினார். துரு மாதிரி பெயிண்ட் அடிப்பதைவிட நிஜத் துருவே மேல் என்று இந்தத் தொழிலில் பலரும் செய்கிற வேலைதானாம் இது.

வேன் முடிந்தது. மேசையில் ஓட விட்டுப் பார்த்தார். என்னவோ குறைந்தது. டிரைவர் இல்லாமல் ஒரு வண்டி தானாக வந்து தானாக நிற்கிறது... அது வேன் இல்லை, பொம்மை. பொம்மை நின்றால் அந்த மனிதருக்குத் தூக்கம் வருமா? அவர் அப்படித்தான் யோசித்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

ஆட்களை வைத்தார். மூன்று பேர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நடுவிரல் நீள வண்டிக்குள் மோட்டார், பாட்டரி, கியர் எல்லாம் போன பிறகு ஆள் உட்கார இடம் இருக்காது. அதனால் பொம்மை ஆளை இடுப்போடு வெட்டி, மேல் பாதியை மட்டும் மோட்டார் மேல் ஒட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பது மாதிரியே தெரியும். டிரைவரை அப்படி வெட்டினார். பக்கத்தில் உட்காரும் புருஷனையும் வெட்டினார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி, மிளகளவு தலை. அந்தப் பெண்ணை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. பாட்டரியை நகர்த்தி இடம் பண்ணி, பின்னால் முழு உருவமாகப் படுக்க வைத்தார். வயிற்றை மெழுகு வைத்து மேடாக்கினார். கூரையை ஒட்டி மூடிவிட்டால் அவள் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் செய்தார்.

அதற்குப் பிறகு சோதனை ஓட்டம். மற்ற வண்டி எதை விட்டாலும் கேட்டுக்கு இரண்டு விரல்கடை முன்னால், வெள்ளைக் கோட்டில் சரியாக நின்றது. இந்த வேன் மட்டும் கோட்டைத் தாண்டி, மூக்கு கேட்டில் இடிக்கிற மாதிரி நின்றது. சுருளை நகர்த்தினார். மறுபடியும் கேட்டை ஒட்டித்தான் நின்றது. அவசரக்காரன் நிற்கிற மாதிரி. போகட்டும், அதுவும் நிஜமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மேசையைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு முன்னறையில் போட்டார். ஜன்னலை மூடினார்கள். நான் முதலில் சொன்ன நாலு மணி இதுதான். கேட்காரரை அந்த அம்மா கைப்பிடித்து அழைத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. மேசை ஓரத்தில் இருந்த சின்னக் கைப்பிடியில் கையை வைத்தார்.

அந்தக் கோடியில் இரண்டு பொட்டு வெளிச்சம். வேன் கிளம்பியது. சர்ர்ர்... என்று சன்னமாக மோட்டார் சத்தம். அவர் கைப்பிடியைச் சுற்றினார். கேட் இறங்கியது. வேன் கேட்டை ஒட்டி நின்றது. மலைக்குப் பின்னாலிருந்து ரயில் வந்தது... கடகடவென்று கேட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது.

"நின்னுடுச்சு," என்றார் கேட்காரர். அதைச் சொல்லிவிட்டு அழுதார். அழுதவர் அப்படியே மேசை விளிம்பில் தலையைச் சாய்த்தார். குறட்டை வந்தது. மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா அத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அத்தான் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகக் குழாயைச் சரி பண்ணினாராம். அவ்வளவு சந்தோஷம்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்?

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் பண்ணினாள். கொஞ்சம் வந்து பாருங்கள் தம்பி என்றாள். குரல் சரியில்லை. அத்தான் போனார். முன்னறையில் ஜன்னல் அப்படியே மூடியிருந்தது. உள்ளே கால் வைத்ததும் டீசல் வாடை. பாட்டரியில் ஓடுகிற வண்டி அது... வீட்டில் வேறு எதுவும் டீசலில் ஓடவில்லை. மேசையில் கேட் மூடியே இருந்தது. வேன் அங்கேயே நின்றது. முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அந்த பாட்டரி தாங்குவது ஒன்றரை மணி நேரம். பத்து நாளாகச் சார்ஜ் போடவில்லை என்றாள் அந்த அம்மா. முதல் ரெண்டு நாள் தூங்கினார், அதற்குப் பிறகு கண்ணை மூடவே இல்லை என்றாள்.

கேட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, வேனுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தார். ஒரு கை கைப்பிடியில். நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார்.

"உள்ள ஆள் வெச்சியா?"

அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப யாரு கெஞ்சறது?"

அந்த அறையில் அந்த அம்மாவும் இருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அத்தானுக்கு முதலில் ஃபேன் சத்தம்தான் கேட்டது. குனிந்தார். அப்போது... கொசு முனகுகிற அளவுக்கு ஒரு ஹாரன். விட்டு விட்டு. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் சத்தம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துகிற சத்தம். அத்தான் ஆள் வைத்ததை ஒப்புக்கொண்டார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை என்கிறார்.

கேட்காரர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டிரைவர் ஏன் தம்பி இறங்கி வர மாட்டேங்குறான்? அன்னிக்கு ஓடி வந்தானே... இன்னிக்கு ஸ்டீயரிங்க புடிச்சிட்டு அப்பிடியே உக்காந்திருக்கான்."

அத்தான் அதை எப்படிச் சொல்வார்? இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லை.

வாத்தியார் ஏதோ கேட்கத் தொண்டையைச் செருமுகிறார். தெரியும் சார். கேட்டைத் திறந்து வேனைப் போக விட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். ரயிலுக்குப் போகிற ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேட்காரர் மெல்லக் கைப்பிடியைச் சுற்றினார். கேட் கால்வாசி எழும்பியது. வேன் உறுமியது. உடனே மலைக்குப் பின்னால் தண்டவாளம் டிக்... டிக்... என்றது. விளக்கில்லாமல், கரண்ட் இல்லாமல், ரயில் வந்தது. அவர் அலறியபடி கேட்டை இறக்கினார். மயிரிழை. பிறகு அத்தான் ரயிலையே தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுபடி திறந்தார்கள். மேசையில் ரயிலே இல்லை... ஆனாலும் தண்டவாளம் டிக் டிக் என்றது. ஓரத்துப் புல்லெல்லாம் காற்றில் சாய்ந்தது. மூடிவிட்டார்கள்.

சரி, வேனைக் கையால் தூக்கி எடுத்தால்? இரண்டு விரலால் பிடித்தார் அத்தான். கொதித்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் போட்ட கூச்சலில் விரல் தானாக விட்டுவிட்டது. பிரசவ வலியில் கிடக்கிறவளை எப்படி உலுக்கித் தூக்குவது என்று நெட்டையனிடம் கேட்டிருக்கிறார். நான் அந்த இடத்தில் இருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்.

திறந்தால் ரயில். மூடினால் அவள் சத்தம். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பாடத்தில் படித்திருப்போம், அந்த மனிதர் அதை வாழ்ந்தார். பதினோரு வருஷமாக, அன்றைக்குத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று அழுதவர். இப்போது திறக்கவில்லை. திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது நாள் உட்கார்ந்தார். ஸ்டூலிலேயே உயிர் போனது. கேட்டைத் திறக்கவில்லை. கைப்பிடியிலிருந்து விரலை ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுத்தார்களாம்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அத்தான் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மேசை வந்திறங்கியது. கூடவே அந்த அம்மா. கேட் மூடியே இருந்தது. வேன் விளக்கு எரிந்தது. அவள் திட்டவில்லை, சாபம் விடவில்லை.

"நீங்க வெச்ச ஆளுங்க," என்றாள். "நீங்களே பாத்துக்குங்க."

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தான் இப்போது வேறு வேலை எதுவும் எடுப்பதில்லை. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கைப்பிடியை விட்டால் கேட் தானாக ஏறுகிறதாம். அக்கா சோறு ஊட்டுகிறாள். அவள் ராத்திரி இரண்டு மணி நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள், அந்த இரண்டு மணி நேரம்தான் அவருக்குத் தூக்கம். அக்காவுக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. ஆனால் டீசல் வாடை அவள் புடவையெல்லாம் ஏறிவிட்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை. எங்க அக்காவ பாத்தா எனக்கு அழுகையா வருதுடா என்று என்னிடம் சொல்லும்போது நெட்டையன் அழுதேவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அங்கே போயிருந்தான். சுத்தியலை எடுத்து எல்லாவற்றையும் உடைத்துப் போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனான். அத்தான் அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். பேசாதே என்று. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழம அவ கத்தறது நின்னு போச்சுடா."

அப்பாடா என்று நெட்டையனுக்கு உயிர் வந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தான்.

"அப்பறம் கொழந்த அழுதுச்சு."

நெட்டையன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அவ பேச்சு மூச்சே இல்ல. கொழந்த மட்டும்தான் அழுதுட்டிருக்கு. கூப்பிட்டுப் பாத்துட்டேன்... அவ எந்திரிக்கல."

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு குனிந்தும் கேட்கவில்லை. அத்தானின் பூதக்கண்ணாடியை எடுத்து வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அந்தக் கண்ணாடியில் உள்பக்கமாகப் புகை மாதிரி மூச்சுப் படிந்திருந்தது. அதற்கு நடுவில் டிரைவரும் புருஷனும் தெரிந்தார்கள். ரோட்டைப் பார்த்து ஒட்டியிருந்த இரண்டு தலையும் பின்பக்கம் திரும்பியிருந்தன. இரண்டு பேரும் சீட்டுக்கு மேலே கையை நீட்டியிருந்தார்கள். எட்டவில்லை.

அத்தான், அத்தான் என்று நெட்டையன் கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, வேனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நேத்தைக்கு இன்னிக்கு... சத்தம் கொறஞ்சுட்டே வருதுடா."